ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிடும் பாம்பு

1

இந்த ஜூலை முதலாந் தேதியோடு எங்கள் வீட்டுக்குப் பாம்பு வந்து ஒரு வருடம். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் அவசரப்பட்டு எனக்காக நேர்த்தி வைக்க வேண்டாம். பாம்பு தானாக வரவில்லை. என் மகள் அபிராமி ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து தந்தாள். அது இன்றுவரை யாரையும் கடிக்கவில்லை. இந்த ஒரு வருடத்தில் வீட்டில் யாராவது சீறியிருந்தால், அது என் மனைவி சுகந்தி என்மேல் சீறியதுதான்.

மொன்றியலில் ஜூலை முதலாந் தேதி வீடு மாறும் நாள். நாட்டின் பிறந்தநாளும் அன்றுதான், ஆனால் இந்த நகரத்தில் அதைக் கொண்டாட ஆள் கிடையாது. எல்லோரும் யாரோ ஒருவருடைய குளிர்சாதனப் பெட்டியைப் படியால் இறக்கிக்கொண்டிருப்பார்கள். தெருவோரம் முழுக்க மெத்தையும் சோபாவுமாகக் கிடக்கும். புதிய வீட்டுப் படியால் ஏறாத சோபாவை விட்டுவிட்டுப் போவதுபோல, புதிய வீட்டுக்காரர் சம்மதிக்காத பூனையையும் நாயையும் விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அபி மிருக வைத்தியசாலை ஒன்றில் வேலை செய்கிறாள். போன வருடம் அன்று காலை அவர்களுடைய வாசலில் ஒரு பெட்டி இருந்தது. மூடியில் பிரெஞ்சில் எழுதிய ஒரு துண்டு: "பெயர் பிஸ்கற். நல்லவன். மன்னிக்கவும்."

உள்ளே இருந்தது ஒரு சின்ன மலைப்பாம்பு. மூன்றடி நீளம், பிஸ்கற் நிறம். பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் இனம். அபியோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த சிநேகிதி, "ஒன்றில் அது, இல்லாவிட்டால் நான்" என்று சொல்லிவிட்டாள். அதனால் சென் லோரனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அது வந்தது.

"இரண்டு கிழமைக்கு மட்டும், அப்பா. ப்ரொமிஸ்."

நான் அதை அப்போதே நம்பவில்லை. இந்த நாட்டுக்கு வரும்போது நானும் "இரண்டு வருஷத்துக்கு மட்டும்" என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன்.

2

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்ததும் சுகந்தி முதலில் சாமித்தட்டின் திரையை இழுத்து மூடினாள். அடுத்ததாகச் சோபாவில் ஏறி நின்றாள்.

"கொண்டு போ பிள்ளை! உதை இப்பவே கொண்டு போ!"

"அம்மா, ஹி இஸ் எ பேபி. அவனுக்குத்தான் பயம்."

"பேபியோ? உது வெங்கிணாந்தி. வளந்தால் ஆட்டை விழுங்கும்."

"எங்களிட்டை ஆடு இல்லையே, அம்மா."

"கொப்பர் இருக்கிறார்தானே!"

நான் ஒரு வார்த்தையும் பேசாமலே ஆடாகிப் போனேன். இந்த வீட்டில் எனக்கு அது புதிதல்ல.

அபி ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தாள். வெப்ப விளக்கு, ஒளிந்துகொள்ள ஒரு மரப்பொந்து, தண்ணீர்க் கோப்பை எல்லாம் வந்தன. கடைசியாகத் தொட்டியின் மேல்மூலையில் தீப்பெட்டியளவு வெள்ளைக் கருவி ஒன்றை ஒட்டினாள்.

"அப்பா, இது வெப்பம் பாக்கும், ஈரம் பாக்கும். குறைஞ்சா என்ரை போனுக்கு மெசேஜ் வரும். அதோடை..."

"உது எனக்குத் தெரியும் பிள்ளை" என்றேன்.

சென் லோரனில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் களஞ்சியத்தில் நான் இருபது வருடமாக வெப்பமானியையும் ஈரப்பதமானியையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளிடம் எனக்குத் தெரிந்த விஷயம் என்று ஏதாவது அகப்படுவதே அபூர்வம். கணினி, வரிப்படிவம், பிரெஞ்சுக் கடிதம் எல்லாவற்றுக்கும் அவளிடம் கை கட்டி நின்றவன், அன்றைக்குக் கிடைத்த வாய்ப்பை விடுவேனா? ஈரப்பதம் என்றால் என்ன என்று பத்து நிமிடம் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். தான் சொல்லவந்த மிச்சத்தைச் சொல்லாமலே போய்விட்டாள்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிட வேண்டும். அபி எங்கள் ஒரே பிள்ளை. அவள் தனியாகப் போய் அப்போது இரண்டு வருடம். சண்டையும் இல்லை, கோபமும் இல்லை. ஊரில் ஒரு பெண்பிள்ளை கலியாணம் கட்டாமல் வீட்டைவிட்டுப் போவதென்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். இங்கே காரணம் தேவையில்லை, மெற்றோ அட்டை போதும். ரொறன்ரோவில் இருக்கும் சொந்தக்காரர்கள் தொலைபேசியில் "ஏன், என்ன பிரச்சினை?" என்று துருவித் துருவிக் கேட்டார்கள். பிரச்சினை இல்லாததை எப்படி விளங்கப்படுத்துவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

முதலில் கிழமைக்கு ஒருமுறை வந்தாள். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும். தொலைபேசியில் அழைத்தால் "ஓகே அம்மா, சாப்பிட்டன் அம்மா, பாய் அம்மா" என்று மூன்று வசனத்தில் முடிந்துவிடும். சுகந்தி ஒருநாளும் முறைப்பட்டதில்லை. ஆனால் நண்டுக் குழம்பு வைக்கும்போதெல்லாம் ஒரு பெட்டியில் கொஞ்சம் எடுத்து உறைபெட்டிக்குள் வைப்பாள். அது ஒரு மாதம் அங்கே கிடந்துவிட்டு, ஒருநாள் எனக்கு மத்தியானச் சாப்பாடாக வரும். தொழிற்சாலையில் அதைச் சூடாக்கிச் சாப்பிடும்போது, பிள்ளை வரவில்லை என்பதை நான் நண்டோடு சேர்த்து மென்றுகொண்டிருப்பேன்.

3

பிஸ்கற்றுக்கு வாரத்தில் ஒருநாள்தான் சாப்பாடு. ஒரேயொரு எலிக்குஞ்சு. கடையில் உறையவைத்து விற்கிறார்கள். வெந்நீரில் போட்டு இளக்கி, நீண்ட இடுக்கியால் பிடித்துக் காட்ட வேண்டும். இதைக் கேட்டதும் சுகந்தி இரண்டு சட்டம் போட்டாள். ஒன்று, எலி எங்கள் உறைபெட்டிக்குள் நுழையக்கூடாது. இரண்டு, விரத நாளில் இந்த வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை. அது மனிதருக்கும் சரி, மற்றதுக்கும் சரி.

அபி கலண்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வெள்ளிக்கிழமை?"

"என்ன கதை கதைக்கிறாய்? வெள்ளிக்கிழமை மச்சமோ?"

"செவ்வாய்?"

"முருகனுக்கு."

"மண்டே?"

"சோமவாரம் வரும்."

"சனிக்கிழமை?"

"கொப்பருக்கு இப்ப சனி மாற்றம். வில்லங்கத்தை விலைக்கு வாங்காதை."

புதனும் வியாழனும் அபிக்கு இரவு வரை வேலை. மிஞ்சியது ஞாயிறு. இப்படித்தான் ஆபிரிக்கக் காட்டில் இருந்து வந்த ஒரு மலைப்பாம்பு, யாழ்ப்பாணத்துச் சைவ வீட்டின் நாட்காட்டிக்குள் வந்து மாட்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அபி வருவாள். ஒரு கையில் வெந்நீர்ப் போத்தல், மற்றக் கையில் எலி இருக்கும் சின்னப் பை. சுகந்தி சமையலறை வாசலில் நின்று பார்ப்பாள். பிஸ்கற் எலியைக் கவ்வும் கணத்தில் "ஐயோ முருகா!" என்று ஒரு கத்து. அபி சிரிப்பாள். கையைக் கழுவிவிட்டு மேசையில் உட்காருவாள். அடுப்பில் இருந்து நேரே இறக்கிய நண்டுக் குழம்பு. பின்னேரம் நான்கு ஐந்து சாப்பாட்டுப் பெட்டிகளோடு பேருந்து ஏறுவாள். இரண்டு கிழமை இரண்டு மாதமானது. யாரும் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நடந்ததையும் சொல்ல வேண்டும். நான் வேலையால் வந்தபோது தொட்டிக்குள் தண்ணீர்க் கோப்பை நிறையப் பால் இருந்தது. பக்கத்தில் ஒரு முட்டை. கோழி முட்டை, முழுசாக.

"என்னப்பா உது?"

"வெள்ளிக்கிழமை வீட்டிலை நாகதம்பிரானை வைச்சுக்கொண்டு பச்சைத்தண்ணியோ வைக்கிறது?"

"உது நாகம் இல்லை."

"எல்லாம் ஒரே சாதிசனம்தானே. நாகதம்பிரானுக்கு இது சேதி சொல்லி அனுப்பும்."

அதை அவள் சொல்லி அரை மணித்தியாலம் ஆகவில்லை. தொலைபேசி அடித்தது. அபி.

"அம்மா! பாம்பு பால் குடிக்காது! எடுங்கோ! வயிறு பழுதாப் போகும்!"

சுகந்தி அப்படியே விறைத்துப்போனாள். "உவளுக்கு எப்பிடித் தெரியும்?" என்று என்னிடம் கிசுகிசுத்தாள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவியல் விளக்கம் கொடுத்தேன். தண்ணீரின் ஆவி வேறு, பாலின் ஆவி வேறு. ஈரப்பதம் மாறினால் கருவி காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் களஞ்சியத்திலும் அப்படித்தான். அவள் முதல்முறையாக என் தொழிலை மரியாதையோடு பார்த்தாள். அந்தப் பார்வைக்காக நான் இன்னும் கொஞ்சம் அவிழ்த்துவிட்டேன்.

மார்கழிக்கு முன்னால் பிள்ளையார் கதை விரதம் தொடங்கிய அன்று பிஸ்கற் சாப்பாட்டை நிறுத்தியது. விரதத்தின் இருபத்தொரு நாளும். மூன்று ஞாயிறும் எலியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. குளிர்காலத்தில் இந்த இனம் அப்படித்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று அபி சொன்னாள். சுகந்திக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து அவள் பிஸ்கற்றை "அது" என்று சொல்வதில்லை. "அவர்." அவர் இன்று சுணக்கமாய் இருக்கிறார், அவருக்குக் குளிருது, விளக்கைக் கூட்டிவிடுங்கோ. முப்பது வருடத்தில் ஒரு விரதமும் ஒழுங்காகப் பிடிக்காத என்னைச் சொந்தக்காரரிடம் "இந்தாள்" என்றுதான் சொல்வாள்.

4

பத்திரம் இல்லாமல் இந்த நாட்டில் ஒன்றும் நடக்காது என்று எனக்குத் தெரியும். அதனால் பாம்பு வளர்க்க அனுமதி எடுக்க வேண்டுமா என்று கேட்க ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். நாய் என்றால் ஒன்றை அழுத்தவும், பூனை என்றால் இரண்டை அழுத்தவும். பாம்புக்கு இலக்கம் இல்லை. ஒன்றை அழுத்தினேன். ஒரு பெண் வந்து கழுத்துப்பட்டி இருக்கிறதா, தெருவில் கொண்டு போகும்போது கயிறு எத்தனை அடி என்று கேட்டாள். பாம்பு என்று சொன்னேன். விசைப்பலகை தட்டும் சத்தம் நின்றது. பிறகு, "அது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டாள். முப்பது வருடத்தில் இந்த நாட்டு அலுவலகம் ஒன்று என்னிடம் கேட்ட மிக அன்பான கேள்வி அதுதான். பரவாயில்லை என்றேன்.

பிறகு வீட்டுச் சொந்தக்காரருக்கு என் கையாலேயே பிரெஞ்சில் கடிதம் எழுதினேன். புதிதாக வந்தபோது அரசாங்கம் நடத்திய மொழி வகுப்பில் "எனக்கு ஒரு பூனை இருக்கிறது, அது சாம்பல் நிறம்" என்று ஒன்பது மாதம் படித்தேன். பூனையை எடுத்துவிட்டுப் பாம்பைப் போட்டேன். அந்த வகுப்பு முதல்முறையாக உதவியது. அவர் நேரில் வந்து பார்த்தார்.

"குரைக்குமா?"

"இல்லை."

"சுவரைச் சுரண்டுமா?"

"கை இல்லை."

அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தந்தார். எனக்கு அகதி அந்தஸ்துக் கிடைக்க மூன்று வருடம் எடுத்தது. பிஸ்கற்றுக்கு மூன்று நாள்.

5

எங்கள் வீட்டுக்கு மேலால் விமானங்கள் தாழப் பறக்கும். விமான நிலையம் கிட்ட. ஒரு ஞாயிறு பெரிய விமானம் ஒன்று கூரையை உரசுவதுபோலப் போனது. அபியின் மடியில் இருந்த பிஸ்கற் சட்டென்று பந்தாகச் சுருண்டது. அவள் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குறுக்கித் தலையைக் குனிந்திருந்தேன். எனக்கே தெரியாமல்.

"அப்பா, நீங்களும் அப்பிடித்தான் செய்யிறனீங்கள்."

அதனால் சொன்னேன். எனக்குப் பன்னிரண்டு வயது. வீட்டு வளவுக்குள் பங்கர் வெட்டியிருந்தோம். ஒரு காலை பொம்பர் விமானத்தின் சத்தம் கேட்டு எல்லோரும் ஓடி இறங்கினோம். கண் இருட்டுக்குப் பழகியபோதுதான் மூலையில் ஒரு சாரை கிடப்பது தெரிந்தது. வெளியே போனால் குண்டு, உள்ளே இருந்தால் பாம்பு. "ஒருத்தரும் அசையாதேங்கோ" என்று ஐயா சொன்னார். முக்கால் மணித்தியாலம் நாங்கள் அசையவில்லை. பாம்பும் அசையவில்லை. ஒவ்வொரு குண்டுக்கும் அது இன்னும் கொஞ்சம் சுருண்டது. சத்தம் ஓய்ந்ததும் எங்களுக்கு முதல் ஏறி வெளியே போய்விட்டது. அதற்கும் வீட்டில் தேடுவார்கள் போல என்று அம்மா சொன்னா.

"நீங்கள் எனக்கு இது சொல்லவே இல்லை."

"நீ கேக்கேல்லை."

"கேக்கிறதுக்கு எனக்கு என்ன தெரியும், அப்பா?"

அவள் சொன்னது சரி. இருபத்துநான்கு வருடம் ஒரே பிள்ளையாக இருந்தவளுக்கு, என்னைப்பற்றி என்ன கேட்க வேண்டும் என்று நான் காட்டியதில்லை. ஒரு பாம்பு வந்து சுருண்டு காட்ட வேண்டியிருந்தது. அன்று அவள் அடுத்த பேருந்து, அதற்கடுத்த பேருந்து என்று விட்டுக்கொண்டே இருந்தாள்.

மாசியில் ஒரு புதன்கிழமை எங்கள் தொழிற்சாலையில் இயந்திரம் ஒன்று பழுதாகி மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கதவைத் திறந்தபோது சுகந்தியின் குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். சோபாவில் அவள் தனியாக இருந்தாள். வலது கையில் தேநீர்க் கோப்பை. இடது கையில், மணிக்கட்டில் இருந்து முழங்கை வரைக்கும், பிஸ்கற். வளையல் போட்டவள் மாதிரிச் சாதாரணமாக இருந்தாள்.

"இண்டைக்கும் போன் எடுக்கேல்லை பாரும். வேலை கூடவாக்கும். பொறு ராசா, பொறு. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள்தான் கிடக்கு."

என்னைக் கண்டதும் கோப்பை ஆடித் தேநீர் சிந்தியது. பாம்பு ஆடவில்லை.

"இஞ்சாருங்கோ, பிள்ளைக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"எவ்வளவு நாளாய் உது?"

"ஒக்ரோபரிலை இருந்து."

"அப்ப ஞாயிற்றுக்கிழமையளிலை கத்திறது?"

அவள் பிஸ்கற்றைத் தடவினாள்.

"எனக்குப் பயமில்லை எண்டு தெரிஞ்சால் எலியை இஞ்சை வைச்சிட்டு, நீங்களே குடுங்கோ எண்டு சொல்லிப்போடுவாள். பேந்து அவள் ஏன் வாறாள்?"

நான் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அவள் "ஐயோ முருகா" என்று கத்தியபோது, நானும் ஒத்தாசைக்குக் கொஞ்சம் கத்தினேன்.

6

வைகாசியில் அபி மிகவும் சந்தோஷமாக வந்தாள். நோத்ர-டாம்-த-கிரேஸில் தனக்கென்று ஒரு சின்ன வீடு எடுத்துவிட்டாளாம். ஜூலை முதலாந் தேதி குடிபோகிறாள். இனிச் சிநேகிதி இல்லை, தடை சொல்ல ஆள் இல்லை.

"பிஸ்கற்றை நான் கொண்டுபோறன் அம்மா. பாவம், நீங்கள் ஒரு வருஷம் பயந்து பயந்து இருந்திட்டீங்கள்."

"நல்லது பிள்ளை" என்றாள் சுகந்தி.

அன்றைக்குப் பிஸ்கற் எலியைக் கவ்வியபோது அவள் கத்த மறந்துபோனாள்.

அடுத்தநாள் காலை, நான் வேலைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, இன்னொண்டு வாங்குவம்."

"என்னத்தை?"

"பாம்பைத்தான். வேறை என்ன?"

போன வருடம் சோபாவில் ஏறி நின்றவள் இவள்தானா என்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை கடைக்குப் போனோம். ஊர்வன விற்கும் கடை. தாடி வைத்த ஓர் இளைஞன் சோளப்பாம்பு என்று ஒன்றைக் காட்டினான். செம்மஞ்சள் நிறம், வடிவானது. மிகச் சாது, புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஏற்றது என்றான். நான் மொழிபெயர்த்தேன்.

"சாதுவானது வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். அவன் இன்னொன்றைக் காட்டினான். இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் சாப்பிடும், கரைச்சலே இல்லை என்றான்.

"சரிவராது. கிழமைக்குக் கிழமை சாப்பிட வேணும். தனிய ஒரு ஆளாலை சாப்பாடு தீத்த ஏலாததாய் இருக்க வேணும். தெரிஞ்ச ஆள் பக்கத்திலை நிண்டால்தான் சாப்பிடும் எண்ட மாதிரி ஏதும் இருக்கோ எண்டு கேளுங்கோ."

என் பிரெஞ்சில் இது "என் மனைவிக்குக் கஷ்டமான பாம்பு வேண்டும்" என்று சுருங்கிப்போனது. எல்லோரும் சுலபமானதைத்தான் கேட்பார்கள், கஷ்டமானதைத் தேடி வந்த முதல் ஆட்கள் நீங்கள்தான் என்றான் அவன். என்ன காரணம் என்று கேட்டான். மகள் என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. ஆனாலும் எங்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதி எடுத்துக்கொண்டான், கஷ்டமானது ஏதாவது வந்தால் சொல்வதாக.

வரும் வழியில் பேருந்தில் சுகந்தி சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு உந்தப் பாம்பு கீம்பு ஒண்டும் தேவையில்லை. எனக்குப் பிள்ளை வேணும். அவ்வளவுதான்." அதைச் சொல்லிவிட்டு, தான் சொன்னதற்குத் தானே வெட்கப்பட்டவள்போல முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

7

ஜூலை முதலாந் தேதி நானும் மற்ற மொன்றியல்காரரைப்போல ஒரு குளிர்சாதனப் பெட்டியைத் தூக்கினேன். இந்த ஊரில் படிகளை வீட்டுக்கு வெளியே, அதுவும் வளைத்து வளைத்துக் கட்டுவார்கள். மூன்றாம் மாடி. நான் இன்னும் உயிரோடு இருப்பதற்கு அபியின் வேலையிடத்துப் பையன்கள் இருவர் காரணம். பின்னேரம் எல்லாம் முடிந்து, பிஸ்கற்றை எடுக்க அபி எங்களோடு வீட்டுக்கு வந்தாள்.

சுகந்தி எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தாள். விளக்கு துடைத்துச் சுற்றப்பட்டிருந்தது. மரப்பொந்து கழுவிக் காயவைக்கப்பட்டிருந்தது. ஒரு பழைய சேலையைக் கிழித்துத் தைத்து, வழியில் குளிராமல் இருக்க ஒரு பை. ஜூலை மாதம் அது.

அபி தொட்டிக்கு முன்னால் நின்றாள். கதவைத் திறக்கவில்லை.

"அம்மா, பிஸ்கற் இஞ்சையே இருக்கட்டும். அவனுக்கு உங்கடை குரல் பழகிட்டுது."

"என்ரை குரலோ? நான் எப்ப உதோடை கதைச்சனான்? எனக்கு உதைக் கண்டாலே நடுங்கும்."

அபி தொட்டியின் மேல்மூலையைக் காட்டினாள். "அம்மா, அது கமரா. சத்தமும் கேக்கும்."

சுகந்தி தொட்டியின் மேல்மூலையை அண்ணாந்து பார்த்தாள்.

"முதல் நாளே சொல்ல வந்தனான். அப்பா 'உது எனக்குத் தெரியும்' எண்டு சொல்லிப்போட்டார்."

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பாலின் ஆவியைப்பற்றி நான் சொன்னதெல்லாம் சுகந்தியின் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போவது தெரிந்தது. அதைப்பற்றி அவள் பிறகு விரிவாகப் பேசினாள், இங்கே எழுதத் தேவையில்லை.

"நான் வெப்பம் பாக்கத்தான் திறப்பன்" என்றாள் அபி. "ஒருநாள் பிரேக் நேரம் திறந்தா நீங்கள் அவனைக் கையிலை வைச்சுக்கொண்டு கதைச்சுக்கொண்டு இருந்தீங்கள். பேந்து ஒவ்வொரு நாளும் பிரேக்குக்கு அதைத்தான் கேட்டனான். சொரி, அம்மா. சொல்லியிருக்க வேணும். சொன்னா நீங்கள் கதைக்கிறதை விட்டிடுவீங்கள் எண்டு பயம். கொண்டுபோறன் எண்டால், வேண்டாம் எண்டு நீங்களே சொல்லுவீங்கள் எண்டு பாத்தனான்."

சுகந்தி மெல்லக் கேட்டாள்: "நான் என்ன சொன்னனான்?"

அபி ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த நாக்கு, இடையிடையே வழுக்கியது. "பொறு ராசா, பொறு. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள்தான் கிடக்கு." மூச்சு எடுத்துக்கொண்டாள். "அது புதன்கிழமை. வியாழக்கிழமை எண்டால் மூண்டு நாள். நீங்கள் எண்ணுறதைக் கேட்டுக் கேட்டுத்தான் அம்மா, எனக்குத் தமிழிலை கிழமை எல்லாம் ஒழுங்காய் வந்தது."

சுகந்தி அழுதாள். நானும் அழுதேன், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. அபி அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "பாம்பு இல்லாட்டியும் வருவன், அம்மா. எனக்கு அது முதல் தெரியேல்லை, இப்ப தெரியும்" என்றாள். பிஸ்கற் மட்டும் தொட்டிக்குள் தலையைத் தூக்கி, என்ன நடக்கிறது என்று நாக்கால் விசாரித்தது.

பிறகு அபி மூக்கைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியில் ஒரு படம் காட்டினாள். இந்த வருடமும் அன்று காலை வைத்தியசாலை வாசலில் ஒரு பெட்டி. உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் ஒல்லியான ஒன்று. இந்தமுறை துண்டும் இல்லை, பெயரும் இல்லை.

"ஒரு மாதம் அங்கை வைச்சுப் பாக்கவேணும், நோய் வருத்தம் ஏதும் இருக்கோ எண்டு. பேந்து இஞ்சை கொண்டுவரட்டோ? ஆனால் அம்மா, இது கொஞ்சம் கடிக்கும்."

சுகந்தி கண்ணைத் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கி உற்றுப் பார்த்தாள்.

"கடிக்குமோ?"

"ஓம்."

"அப்ப இதுக்கு நான் உண்மையாய்க் கத்தலாம்தானே?"

இது ஆவணி மாதம். தொலைக்காட்சியை மற்றச் சுவருக்குத் தள்ளிவிட்டு இரண்டாவது தொட்டியை வைத்தாயிற்று. வீட்டுச் சொந்தக்காரருக்கு அடுத்த கடிதமும் எழுதியாயிற்று, இந்தமுறை பன்மையில். பெயர் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அபி "மஃபின்" என்கிறாள், சுகந்தி "வாசுகி" என்கிறாள். கமராவைக் கழற்றிவிடவா என்று நான் கேட்டேன். கையை வைத்தால் தெரியும் சேதி என்றாள் சுகந்தி. இப்போது அவள் பிஸ்கற்றோடு கதைக்கும்போது தலைமுடியைச் சரிசெய்துகொண்டுதான் உட்காருகிறாள்.

பிஸ்கற் வாரத்தில் ஒருநாள்தான் சாப்பிடும். நான் தினமும் காலையில் வேலைக்குப் போகமுன் தொட்டிக்கு முன்னால் குனிந்து, மேல்மூலையைப் பார்த்து, "சாப்பிட்டியோ பிள்ளை?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.